அன்னாசி நார்ச் சட்டை

அருளப்புவின் மகன் றஜீவனுக்குக் கப்பலில் சமையற்கட்டு வேலை. அருளப்பு ஊருக்குள் சொல்வது 'கப்பல் ஒபிசர்'. அந்த ஒபிசர், கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரன் ஒருவனைப் பிடித்து, அந்த நாட்டு ஆம்பிளைகள் கலியாணம் காட்சிக்குப் போடும் சட்டையொன்றை அப்பாவுக்கு அனுப்பியிருந்தான். அன்னாசி இலையில் நாரெடுத்து நெய்தது. நெஞ்சின் இரண்டு பக்கமும் பூ வேலை. காற்சட்டைக்குள் விடாமல் வெளியே தொங்கவிட வேண்டும். பெயர் பறோங்.

மகள் நிசாந்தியைப் பொம்பிளை பார்க்க வரும் நாளில் அதைத்தான் போடுவதென்று அருளப்பு முடிவுகட்டினார்.

நிசாந்திக்கு முப்பத்தொரு வயது. ஐந்து சம்பந்தம் வந்து ஐந்தும் போய்விட்டன. பெண்ணில் ஒரு குறையுமில்லை. அருளப்பு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கற்பிட்டிக்கு வந்து இருபத்தைந்து வருடம், உப்பளத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வும் பெற்றாயிற்று, சண்டை முடிந்தும் ஆறு வருடம். மனுசன் இன்னும் 'இந்தப் பக்கத்து ஆக்கள்' என்றுதான் கதைப்பார். வருகிறவர்களை முன்னால் இருத்தி, "உங்கட பூட்டன் எந்த ஊர்?" என்று தொடங்குவார். தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர்கள் எழும்பிவிடுவார்கள். இந்த முறை வருவது சிலாபத்து நொயல், வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். நிசாந்திக்கு அவனைப் பிடித்திருந்தது. இதுவும் குழம்பினால் இனி ஒருத்தருக்கு முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று தாய் அக்னஸிடம் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுத் துணிக்கடை முத்தலிபு சட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அன்னாசி இலையா? அப்ப பழத்த யாரு திண்ட?" என்று சிரித்துவிட்டு, "கிளாக்கர் ஐயா, இது நுளம்பு வலை மாதிரி ஈக்குது. உள்ளுக்கு பெனியன் ஒண்டு போட்டுக்கங்க" என்றார்.

துணி விற்கிறவனுக்கு உடுப்பைப் பற்றி என்ன தெரியும்? "பெனியன் போட்டால் பூ வேலை எடுபடாது" என்று அருளப்பு கதையை முடித்துவிட்டார்.

அறைக் கண்ணாடியில், அரை இருட்டில், ராசா மாதிரித்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது யன்னல் ஓரத்துக் கதிரையில். நாலு மணி வெயில் முதுகுப் பக்கத்தால் அடித்தது. பூ வேலை மட்டும் அந்தரத்தில் நிற்க, துணி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. தொப்புள், நரைத்த நெஞ்சுமயிர், கழுத்தில் கிடந்து வியர்வையில் கறுத்த மாதா உத்தரியக் கயிறு எல்லாம் சபைக்கு வந்தன. நொயல் நிலத்தைப் பார்த்தான். அக்னஸுக்கு உயிரே போய்விட்டது.

நொயலின் தாய் யூஜீனியா ஒரு மரியாதைக்காகக் கேட்டாள். "இது என்ன சட்டை ஐயா?"

அருளப்பு நெஞ்சை நிமிர்த்தினார். பறோங் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். யாழ்ப்பாணத்து நாக்கு, ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகியதைச் சொன்னது.

"பாருங்கோ."

"பாத்தாச்சு ஐயா," என்றாள் யூஜீனியா. "பொண்ணத்தான் இன்னும் பாக்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பு குனிந்து பார்த்தார். தன்னைத் தானே முழுசாகக் கண்டார். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பறோங்கைக் கழற்றிப் பெனியனும் வெள்ளைச் சட்டையும் போட இரண்டு நிமிடந்தான் எடுத்தது. ஆனாலும் அவர் கட்டிலில் குந்திக்கொண்டார். தகப்பன் இல்லாமல் என்ன கலியாணப் பேச்சு? வந்து கெஞ்சிக் கூப்பிடட்டும். பூட்டனைப் பற்றிய கேள்வியோடு அரை மணித்தியாலம் காத்திருந்தார். வெளியே சிரிப்புக் கேட்டது, கோப்பைச் சத்தம் கேட்டது. கூப்பிட ஒருத்தரும் வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தபோது கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

"தை மாதம் கலியாணம்," என்றாள் அக்னஸ்.

"என்னைக் கேளாமலோ?"

"நீங்கள் உள்ளுக்கு இருந்த அரை மணித்தியாலத்தில எல்லாம் பேசி முடிஞ்சுது. மற்ற அஞ்சு தரமும் நீங்கள் வெளியில இருந்தனீங்கள்."

மகளாவது தன் பக்கம் கதைப்பாள் என்று அருளப்பு திரும்பினார். நிசாந்தி அறைக்குள் போய், கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து, பூ வேலை கசங்காமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"கலியாணத்தண்டும் இதையே போடுங்கோ அப்பா."