காலிக் கோப்பையை ஊதுவது

எங்கள் வீட்டு அடித்தள அறையில் ஐந்து தட்டு அலமாரி ஒன்று இருக்கிறது. தட்டுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. மேல்தட்டில் நான்கு வயதுக்கானது, அதற்குக் கீழே மூன்று, இரண்டு, ஒன்று. அடித்தட்டில் ஆறு மாதக் குழந்தைக்கானது.

வேலைக்குப் போகும் அக்கம்பக்கத்தாரின் பிள்ளைகளைப் பதினோரு வருடமாக என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் இந்தக் கோடியில் நவம்பர் வந்தால் குளிரில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அதனால் வெளியே இருப்பதையெல்லாம் பெட்டிக்குள் கொண்டுவருவேன். அரிசிக்கு வினிகரில் சாயம் கலந்து ஏற்றினால் கடல். என் கணவர் கர்ட் குடித்த காப்பியின் சக்கையைக் காயவைத்தால் தோட்டத்து மண். நான்கு வயதுப் பெட்டி தபாலாபீஸ். மூன்று வயதுப் பெட்டி காப்பிக் கடை: தகரக் கோப்பைகள், காய்ந்த மொச்சை, களிமண் பன். அடித்தட்டுப் பெட்டிக்கு ஓட்ஸ் மாவு, அன்றன்றைக்கு வேகவைக்கும் சேமியா, ஜெல்லி. வாய்க்குள் போனாலும் பாதகமில்லாதவை மட்டும்.

எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் எந்தப் பெட்டியில் விளையாடியது, என்ன செய்தது என்று நோட்டில் எழுதி வைப்பேன். பெட்டிக்கு ஒரு நோட்டு. தாய்மார்கள் சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது வாசித்துக்காட்டுவதற்காக ஆரம்பித்த பழக்கம் அது.

என் மகன் சோரன் எல்லாப் பெட்டிகளுக்கும் சீக்கிரமே ஏறியவன். நாலரை வயதில் தபாலாபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவன், ஒரு நாள் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு தடுக்கி விழ ஆரம்பித்தான். சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஃபார்கோ நகரத்து டாக்டர் அந்த வியாதியின் நீளமான பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மருந்து கிடையாது, கற்றுக்கொண்ட வரிசைக்கு நேர் தலைகீழாக எல்லாம் போகும் என்றார். எதுவரைக்கும் என்று கேட்டேன். அவர் அந்தத் தாளை மடித்து என் கையில் வைத்தார்.

அவனைக் காப்பிக் கடைக்கு இறக்கினேன். இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குக் காரணம் ஒரே ஒரு விஷயம். காலிக் கோப்பையைக் கொடுத்தால் சோரன் அதைத் தூக்கி, உதட்டைக் குவித்து, ஊதுவான். “சூடு” என்பான். அந்தச் சொல்லும் போன பிறகு ஊதுவது மட்டும் இருந்தது. இல்லாத காப்பியை இருப்பதாக நினைக்கும் ஒரு இடம் அவனுக்குள் இன்னும் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் எனக்குச் சாட்சி. அதனால் வியாழக்கிழமை தவறாமல் கடை விரித்தேன். மொச்சையை வாயில் போட ஆரம்பித்ததும் மொச்சையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, சர்க்கரை என்று சொல்லி, வாசலிலிருந்து ஒரு வாளிப் பனி.

கடையை நடத்தியவள் பைப்பர். நான்கு வயது, பக்கத்துத் தெரு. சர்க்கரை ஆலையில் இராத்திரி வேலை முடித்து வரும் கர்ட், படுக்கப் போகுமுன் குட்டி நாற்காலியில் வந்து உட்காருவார்.

“காப்பின்னு சொல்லிக் காலிக் கோப்பையைக் குடுக்கற. பன்னு களிமண்ணு. நல்லா இருக்கும்மா உன் கடை” என்பார்.

“பிடிக்கலேன்னா வேற கடைக்குப் போங்க” என்பாள் அவள். “இந்த ஊர்ல வேற கடை கிடையாது.”

ஜனவரி முதல் வியாழன் சோரன் ஊதவில்லை. கோப்பையைக் கையில் பிடித்திருந்தான், அவ்வளவுதான். மறு வியாழனும் அப்படியே. நோட்டில் அந்த இரண்டு நாளுக்கும் நான் ஒன்றும் எழுதவில்லை. பதினோரு வருடத்தில் விட்டுப்போன நாட்கள் அவை இரண்டுதான்.

மூன்றாவது வியாழன் பாலில் கொக்கோ கலந்து, இளஞ்சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, அவன் கோப்பையில் மட்டும் அரைவாசி ஊற்றிக் கொடுத்தேன். ஆவி மூக்கில் பட்டது. உதட்டைக் குவித்து ஊதினான். நோட்டில் எழுதினேன்: ‘ஊதினான்.’ அடுத்தடுத்த வாரங்களிலும் எழுதினேன்.

கர்ட் அதைப் பார்த்துவிட்டார். “அதுல என்ன ஊத்தின?”

கொக்கோ என்றேன்.

“சூடாவா?”

நான் சோரனின் வாயோரத்தைத் துடைத்தேன்.

“சுட்டா யாருந்தான் ஊதுவாங்க, கிரெட்சன்.” சத்தமில்லாமல்தான் சொன்னார். பிறகு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுக்கப் போனார்.

பைப்பருக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. சோரனின் கோப்பைக்குள் எட்டிப்பார்த்தாள். “மிஸ், இது நிஜ கொக்கோ. அவன் நிஜமாக் குடிக்கிறான். இது விளையாட்டுல சேத்தி இல்ல.”

அவன் உடம்புக்கு வேண்டும் என்று கொடுத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. நானும் அதை நம்பச் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வியாழன் காலிக் கோப்பையையே வைத்தேன். வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. சோரனை மடியில் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். தனியாக உட்கார அவனால் முடியவில்லை. பைப்பர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கோப்பையை அவன் இரண்டு கைக்குள்ளும் பொருத்தி, “சூடா இருக்கு. ஊதிக் குடி” என்றாள்.

அவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையின் விளிம்பைக் கடித்தான். பல் முளைக்கையில் ஈறு அரிக்கும் குழந்தை கடிப்பதுபோல, தகரத்தில் பல் நறநறக்க, விடாமல் கடித்தான். எச்சில் என் முழங்கையில் வழிந்தது.

பைப்பர் காத்திருந்தாள். பிறகு கோப்பையை மெதுவாக அவன் வாயிலிருந்து எடுத்து, எச்சிலைத் துண்டில் துடைத்து, தானே மூன்று தரம் ஊதி, மறுபடி அவன் கையில் வைத்தாள்.

“அவனுக்குப் பதிலா நான் ஊதிட்டேன், மிஸ். நோட்டுல எழுதிக்கோங்க.”

எழுதினேன். தேதி, காப்பிக் கடை, ‘ஊதவில்லை.’ ஜனவரியில் விட்ட இரண்டு நாளுக்கும் அதையே எழுதினேன். கொக்கோ கொடுத்த நாட்களில் எழுதியிருந்ததை அடித்தேன். பிறகு கோப்பைகளைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கி மூடினேன்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அடித்தள அறைக்கு இறங்கினேன். இரண்டு வயதுப் பெட்டியில் காப்பிச் சக்கை இருக்கிறது, மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒரு வயதுப் பெட்டிக்குத் தண்ணீரும் கரண்டியும் வேண்டும், கரண்டி அவன் கையில் நிற்காது. அந்த இரண்டையும் தொடாமல் தாண்டி, அடித்தட்டுப் பெட்டியை இழுத்தேன். மூடிமேல் தூசி படிந்திருந்தது. ஒரு கையால் துடைத்துவிட்டு அதன் நோட்டை எடுத்து, சோரனின் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு பதிவுதான், அவனுடைய எட்டாவது மாதத்தில் நான் எழுதியது: ‘எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான். சாய்ந்து உட்காருகிறான். சந்தோஷமாக இருக்கிறான்.’

அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டேன். முதல் இரண்டு வாக்கியங்களையும் மாற்றமில்லாமல் எழுத முடிந்தது. மூன்றாவதற்கு இடம் விட்டு, நோட்டை மூடிவிட்டு, அந்தப் பெட்டிக்குச் சேமியா வேகவைக்க மேலே போனேன்.