குறுக்குக் கோடு போட்ட ஏழு

சீருடை தைக்கும் கம்பெனியில் பதினாறு வருடம் துணி வெட்டியவளை ஒரே நாளில் பட்டன் தைக்க உட்கார வைத்துவிட்டார்கள். நானூறு சட்டைகளுக்குக் கை இரண்டு அங்குலம் குறைந்துபோயிருந்தது. சூப்பர்வைசர் கொடுத்த அளவுச்சீட்டில் ஏழு என்றுதான் இருந்தது, அதன்படிதான் வெட்டினாள். விசாரணை வந்தபோது அவன் நீட்டிய சீட்டில் ஒன்பது இருந்தது. "அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு சார்" என்றான், பாவம் பார்க்கிறவன் போல. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் அவனுக்கு 'இஞ்ச் டேப்' என்று பெயர்.

அன்றிலிருந்து அவளுக்குத் தலைவலி. டாக்டர் மாத்திரையோடு தியானமும் சொன்னார்: தினமும் காலை இருபது நிமிடம், மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும்.

கண்ணை மூடினால் மூச்சு எங்கே வந்தது, அவன்தான் வந்தான். அந்த நாடாவைக் கத்தரிக்கோலால் அங்குலம் அங்குலமாக நறுக்கினாள். முதலாளி முன்னால் அவனை நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கேட்டது போதவில்லை என்று மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

"என்ன, மனசு அடங்குச்சா?" என்பார் கணவர் அடுப்படியிலிருந்து.

"மனசு அடங்கிரும். அவன்தான் அடங்க மாட்டேங்கிறான்."

நாற்பது நாள் இப்படியே போயிற்று. ஒரு காலை, திட்டித் திட்டி அவளுக்கே அலுத்துவிட்டது. நாலைந்து மூச்சு சும்மா வந்து போயின. அப்போது அவன் கை மட்டும் தெரிந்தது. அன்று துணிமேல் வைத்து வெட்டுவதற்கான மாதிரி அட்டையை அவள் தயார் செய்து முடித்ததும், அதை வாங்கி நீலப் பேனாவால் 'கை 7' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டானே! ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. கம்பெனியில் அப்படி எழுதுகிறவன் அவன் ஒருவன்தான்.

வெட்டும் அறையின் ஆணியில், பத்துப் பதினைந்து அட்டைகளுக்கு அடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பைக்குள் வைத்தாள். உடனே போய்க் காட்டவில்லை. மாதக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அவன், "என்னக்கா, பட்டனாவது நேரா வருதா?" என்று கேட்கக் கேட்கச் சிரித்தாள்.

கூட்டத்தில் எல்லோரும் பார்க்க, அட்டையை முதலாளியின் மேஜையில் வைத்தாள்.

"எனக்குத்தான் கண்ணு மங்கல் சார். நீங்களே படிங்க."

முதலாளி படித்தார். இஞ்ச் டேப்பின் முகத்தில் ஈயாடவில்லை. அங்கேயே அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பப் போனவரை அவள்தான் தடுத்தாள்.

"வேலைய விட்டு அனுப்பாதீங்க சார். என் இடத்துல உக்காரட்டும்."

உங்க மனசு யாருக்கு வரும் என்று பக்கத்தில் ஒருத்தி உருகினாள். அவனுக்கு மட்டும் புரிந்தது. வெளியே வந்ததும், "அதுக்கு என்னை அனுப்பியே இருக்கலாம்க்கா" என்றான்.

"வெளிய போயிட்டா உன்னை நான் எப்படித் தம்பி பாக்கிறது?"

அவளுக்குத் திரும்பக் கிடைத்த வெட்டும் மேஜையிலிருந்து பார்த்தால் பட்டன் வரிசை நேராகத் தெரியும். முப்பது பெண்களுக்கு நடுவே அவன் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவதை அவள் வேலையினூடே பார்த்துக்கொண்டாள். தலைவலி விட்டுப்போயிற்று. தியானத்தை விடவில்லை. மறுநாள் கண்ணை மூடியபோது கொஞ்சம் வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. இருபது நிமிடமும் மூச்சு சீராக வந்து போனது.