மோட்டார் ரிப்பேர்

ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலுமாக டெய்லரம்மா நின்றாள். படகு மெல்ல விலகியது. கால்களுக்கு நடுவே தெரிந்த தண்ணீர் அகலமாகிக்கொண்டே வந்தது.

“யோசிக்காதீங்கம்மா, தூக்கி வச்சுடுங்க,” என்று படகுக்காரர் கையை நீட்டினார். அவள் நீட்டிய கையை விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்தாள். தொப்பென்று நடுப்பலகையில் உட்கார்ந்ததும் படகு இரண்டு பக்கமும் ஆடி அடங்கியது.

“விழுந்துட மாட்டேனே?”

“விழுந்தாலும் இடுப்பளவுதாம்மா.”

அவள் கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன் வந்தபோது ஒரு விடுதிக்கான திரைச்சீலையைப் பாதி வெட்டியிருந்தாள். கத்தரிக்கோலைத் துணிக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். பேசியவர் கண்ணாடிக்கடைக்காரர். அண்ணியோடு விடியலில் பறவை பார்க்கப் போகிற மனிதர். “உங்க அண்ணி உக்காந்த இடத்துலயே சாஞ்சுட்டாங்கம்மா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து பாத்தாச்சு. நெஞ்சு நின்னுடுச்சாம். உயிர் இல்லையாம்,” என்றார். “நல்லா பாத்தாரா?” என்று கேட்டாள். அவர் பதில் சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள்.

அண்ணன் காலமான பிறகு அண்ணி தன் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத டெய்லரம்மாவுக்குப் போக வேறு இடம் இல்லை. சேர்ந்தே இருப்போம் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. வீட்டில் மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர், அவ்வளவுதான். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பகல் முழுக்க ஊராரைப் பார்த்து ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்பாள். விடியலில் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் ஏரிச் சேற்றில் உட்காருவாள். அவளுடைய அலாரம் தினமும் எழுப்பிவிட்டது டெய்லரம்மாவைத்தான். “கொக்கைப் பாக்க இவ்வளவு சீக்கிரமா? கொக்கே இன்னும் எழுந்திருக்காது அண்ணி,” என்று போர்வைக்குள்ளிருந்து கத்துவாள். “அது எழுந்திருக்கறதைப் பாக்கத்தான் போறேன்,” என்று அண்ணி கதவைச் சாத்துவாள். குளியலறையெல்லாம் சேறு. பிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் கேமரா பாட்டரி. இதற்கெல்லாம் சண்டை வரும். சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். மறுநாள் மறுபடியும் அலாரம்.

படகுக்காரர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். மோட்டார் தடதடவென்று கிளம்பியது. சுற்றிலும் மூடுபனி. கரை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. படகு முன்னேற முன்னேற வெண்மைக்குள் ஏதேதோ எழுந்தன, அலறின, இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடின. அவள் பார்த்ததெல்லாம் பறவைகளின் முதுகுதான். இதைப் பார்க்கவா அண்ணி உயிரைக் கொடுத்து வந்துகொண்டிருந்தாள் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏரி நடுவில் நாணல் அடர்ந்த மண் திட்டு ஒன்று இருந்தது. மோட்டாரை நிறுத்தியதும் காதுக்குள் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சேற்றில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் தொலைநோக்கி. அழுதிருக்கிறார் என்பது தெரிந்தது.

“என்னால ஒண்ணும் பண்ண முடியலைம்மா. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பாத்தேன்.”

நாணல் தட்டிக்குப் பின்னால் ஒரு விரிப்பில் அண்ணியைப் படுக்க வைத்திருந்தார்கள். மேலே அவளுடைய மறைப்புத் துணி. பச்சையும் பழுப்புமாகத் துண்டு துண்டாக ஒட்டி, காய்ந்த புல் போலத் தெரிய நெடுகச் சணல் இழைகளைத் தொங்கவிட்டு டெய்லரம்மாவே தைத்துக் கொடுத்த துணி. போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது என்று அண்ணி பெருமையாகச் சொல்வாள்.

முகத்துப் பக்கம் துணியை விலக்கினாள். எதையாவது உற்றுப் பார்க்கும்போது அண்ணியின் நெற்றியில் விழுகிற சுருக்கம் இன்னும் அப்படியே இருந்தது. தூங்குகிறவர்களின் முகம் இல்லை அது. கன்னத்தில் சேறு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். சேறு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“என்ன அண்ணி இது?” என்றாள். “சொல்லவே இல்லையே.”

அப்போது போன் அடித்தது. அண்ணியின் தம்பி. கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

“எங்கக்காவை எப்ப கொண்டு வருவீங்க? வண்டி சொல்லியாச்சு, நிக்குது. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. மோட்டார் படகுதானே? அழுத்திட்டு வரச் சொல்லுங்க.”

“வந்துடறோம்பா,” என்று சொல்லிப் போனை வைத்தாள். படகுக்காரரிடம், “தூக்கலாமா?” என்று கேட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “அம்மா, ஒண்ணு சொல்லலாமா? டாக்டரோட வந்தப்ப ஒரு தடவை பறவையெல்லாம் கலைஞ்சுடுச்சு. இப்ப நீங்க வந்தப்ப மறுபடி. இப்பதான் ஒண்ணொண்ணா திரும்பி வருது. முட்டை மேல உக்காந்திருக்கறதெல்லாம் இருக்கு. தாய் எழுந்து போயிட்டா முட்டை குளிர்ந்துடும். மோட்டார் போடாம, கோல் ஊனியே போனா…”

டெய்லரம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “செத்துக் கிடக்கறது எங்க அண்ணிங்க. நீங்க முட்டைக்குப் பாத்துட்டு இருக்கீங்களா?”

அவர் திரும்பிப்போய் முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்ற ஆரம்பித்தார். திருகைத் தப்புப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் பாதியில் நின்றுவிட்டது.

“கடைசியா என்ன எடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“எடுக்கலைம்மா. இன்னைக்கு ஒரு படம்கூட எடுக்கல. வெளிச்சம் வரட்டும்னு உக்காந்திருந்தோம். வெளிச்சம் வந்துச்சு. அந்தப் பக்கம் மொத்தமும் நிறைஞ்சு கிடந்துச்சு. ‘எடுங்களேன்’னு சொன்னேன். ‘இருங்க, கொஞ்சம் பாத்துக்கறேன்’னாங்க. கேமராவுல இருந்து கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நானும் பாத்துட்டே இருந்தேன். பக்கத்துல திரும்பினப்பதான்…”

காதிலிருந்த இரைச்சல் அடங்கியிருந்தது. அது போன இடத்தில் வேறு சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. நாணலுக்கு அப்பால் ஏதோ ஒன்று தண்ணீரில் முங்கி எழுந்தது. இன்னொன்று கிணுகிணுவென்று தனக்குத்தானே பேசிக்கொண்டது. தொலைவில் எண்ண முடியாத தொண்டைகள் ஒன்றாக முணுமுணுத்தன. ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்ளும் நேரத்துச் சத்தம் போலிருந்தது.

“கோல் இருக்கா?” என்றாள் டெய்லரம்மா.

“இருக்குங்க. ஆனா நேரமாகும்.”

“ஆகட்டும்.”

தம்பியை அவளே கூப்பிட்டாள். “மோட்டார் ரிப்பேராம்பா. கோல் போட்டுத்தான் தள்ளிட்டு வரணும்.” படகுக்காரர் தன் மோட்டாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். போனில் தம்பி என்னவோ கத்தினார். அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மூன்று பேருமாகத் தூக்கி அண்ணியைப் படகில் கிடத்தினார்கள். தலை டெய்லரம்மாவின் மடியில். மறைப்புத் துணியை இழுத்துக் கால்வரை மூடினாள். கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் குந்தினார். படகுக்காரர் பின்னால் நின்று கோலை ஊன்றினார். படகு சத்தமே இல்லாமல் நாணலை விட்டு வழுக்கி வெளியே வந்தது.

பேசாமல் இருப்பது டெய்லரம்மாவுக்குப் பழக்கமில்லாத வேலை. பனி விலகிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது தண்ணீரே இல்லை. எல்லாம் பறவை. கறுப்பாக, பழுப்பாக, வெள்ளையாக, ஒன்றின் இறக்கை இன்னொன்றின்மேல் படுகிற நெருக்கத்தில் கண்ணுக்கு எட்டியவரை மிதந்துகொண்டிருந்தன. சில இன்னும் தலையை முதுகுக்குள் செருகித் தூங்கின. படகு வர வர, கூட்டத்தில் பெரியவர் யாரோ வருகிறார் என்று ஒதுங்குவதுபோல் கொஞ்சம் விலகி வழி விட்டன. திரும்பிப் பார்த்தாள். படகு கடந்ததும் அவை மறுபடி கூடிக்கொண்டன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முக்குளிப்பான் போனது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு. முதுகு இறகுக்குள்ளிருந்து கோடு போட்ட ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொரு தலை. தாய் முதுகில் உட்கார்ந்தபடியே குஞ்சுகள் அவளைப் பார்த்தன. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

தலைக்கு மேல் பட்டுத்துணியை நீளவாக்கில் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். கூழைக்கடாக்கள். ஒன்றன்பின் ஒன்றாக, அவ்வளவு பெரிய உடம்புகளை வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் போயின. அடிவயிற்றில் விழுந்த காலை வெளிச்சம்கூடத் தெரிந்தது. ‘இவ்வளவு தாழ வருமா?’ என்று கேட்க நினைத்தாள். யாரிடம் கேட்க நினைத்தோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மடியைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தாள்.

கரைக்குப் பாதி தூரம் இருக்கும். கட்டைவிரல் அளவு பழுப்புப் பறவை ஒன்று நாணல் பக்கத்திலிருந்து விசுக்கென்று வந்து அண்ணியின் முழங்கால்மேல் உட்கார்ந்தது. படகுக்காரர் கோலை அப்படியே நிறுத்தினார். பறவை தலையைச் சாய்த்து இவளைப் பார்த்தது. பிறகு குனிந்து, துணியில் தொங்கிய ஒரு சணல் இழையை அலகால் பற்றி இழுத்தது. வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தது. இழை பிரிந்து வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நாணலுக்குப் பறந்தது.

“கூடு கட்டுது,” என்று கண்ணாடிக்கடைக்காரர் உதட்டை அசைத்தார். “தினமும் இவங்ககிட்டதான் எடுத்துக்கும்.”

மாதத்துக்கு ஒருமுறை அண்ணி இந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நிற்பாள். “இங்க நூல் போயிடுச்சு பாரும்மா, இன்னும் கொஞ்சம் சணல் சேத்துத் தச்சுடேன்.” டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்று வரும். “என் தையல் எங்க போகும்? நான் தச்ச திரை விடுதி விடுதியா தொங்குது, ஒரு இழை பிரிஞ்சதில்ல. நீங்க சேத்துல புரண்டு பிச்சுட்டு வந்தா நான் என்ன பண்றது?” அண்ணி வாதாட மாட்டாள். “சரிதான். கொஞ்சம் தாராளமாவே வச்சுத் தையேன்,” என்று மட்டும் சொல்வாள். ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. இந்தப் பிடிவாதத்தில் டெய்லரம்மா சணலை இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்திருந்தாள்.

பறவை திரும்பி வந்தது. மறுபடி அதே இடம், அதே இழுப்பு. இம்முறை இழை அசையவில்லை. அது சிறகைப் படபடத்துக்கொண்டு தொங்கிப் பார்த்தது. விட்டுவிட்டுப் பறந்துபோய்விட்டது.

டெய்லரம்மா மெல்லக் கையை நீட்டினாள். நகத்தால் முடிச்சைத் தேடி நெம்பினாள். தன் கையால் போட்ட தையல் அது. சுலபமாக விடவில்லை. ஒன்றை அவிழ்த்தாள். பக்கத்தில் இருந்ததையும் அவிழ்த்தாள். ஓரம் நெடுக ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டு இழைகளை மேலாக நீவி வைத்தாள். படகுக்காரர் கோலைப் பிடித்தபடி காத்திருந்தார். யாரும் கிளம்பச் சொல்லவில்லை. பறவை வந்தது, எடுத்தது, போனது. கூடவே இன்னொன்றும் வந்தது. துணிக்கு அடியில் அண்ணி அசையாமல் இருந்தாள்.

படகு கரை தட்டியபோது தம்பி பளபளக்கும் ஷூவோடு சேற்றில் இறங்கியே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வண்டியும், அண்ணியின் ஆஸ்பத்திரிக்காரர்கள் சிலரும் நின்றார்கள். போன் அவர் காதில் இருந்தது. கண் அழுது சிவந்திருந்தது.

“எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? இவ்வளவு நேரம் அங்க என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை…”

டெய்லரம்மா எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று தெருவில் பெயரெடுத்தவள். இப்போது கையைத் தூக்கி அவருக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் ஏரிப் பக்கம் காட்டினாள்.

வெயில் அப்போதுதான் பனிக்கு மேலே ஏறியிருந்தது. யாரும் விரட்டவில்லை, சத்தம் போடவில்லை. அந்தக் கோடியில் ஏதோ ஒன்று எழுந்தது. அதையொட்டி இன்னொன்று. அப்புறம் ஏரியே எழுந்தது. மழை இரைந்துகொண்டு வருவதுபோல் முதலில் சத்தம் வந்தது, பின்னால் காற்று வந்து முகத்தில் அடித்தது. வானம் கறுத்தது. எல்லாம் ஒரே திசையில் திரும்பியதும் பளீரென்று வெளுத்தது. மறுபடி கறுத்தது. ஆயிரக்கணக்கான நிழல்கள் தண்ணீரைக் கடந்து, படகையும் துணியையும் கடந்து, நின்றவர்களின் முகங்கள்மேல் ஓடின.

தம்பி காதிலிருந்து கையை இறக்கினார். அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது. கையிலிருந்த போனில் யாரோ, “ஹலோ… ஹலோ… கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.