ஆள் ஏறக்கூடாது

அம்மாவைக் கிடத்தியிருந்த பலகையை மாடியில் லிஃப்டுக்குள் குறுக்காகச் சாய்த்து வைத்துவிட்டுத் தமிழ்வாணன் வெளியிலேயே நின்றான். கதவின் மேல், அவனே மாட்டிய அறிவிப்பு: ‘சரக்கு மட்டும். ஆள் ஏறக்கூடாது.’

“இன்னாடா நின்னுகினு கீற? ஏறு. உங்கம்மாவத் தனியா அனுப்பக்கூடாது,” என்றார் அப்பா தனகோடி.

ஏறினான்.

செங்கல்பட்டில் அந்தத் தெருவே மாறிப்போயிருந்தது. கரண்டி வாங்கக்கூட ஜனங்கள் போனைத் தடவ ஆரம்பித்த பிறகு, கீழே இருந்த அவர்களுடைய பாத்திரக்கடைக்கு யாரும் வரவில்லை. தமிழ்வாணன் அதைப் பார்சல் கம்பெனிக்குக் குடோனாக விட்டான். அலமாரிகளுக்கு இடம் வேண்டுமென்று அகலமான மாடிப்படியை இடித்தான். சரக்குக்கு லிஃப்ட் வந்தது. மாடியில் குடியிருந்த இவர்களுக்குப் பின்பக்கம் இரும்புச் சுழல்படி. “நம்ம வூட்டுக்கு வரவன் பம்பரமாட்டம் சுத்திகினுதான் வரணும்,” என்று அம்மா ஜோதிலட்சுமி சிரிப்பாள்.

நேற்றுக் காலை அவளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பவில்லை.

“லிஃப்ட்ல ஏத்திடலாம்ணா,” என்றான் குடோனைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டான்லி.

“கம்பி அறுந்துச்சின்னா? வேணாம்,” என்றான் தமிழ்வாணன்.

நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். இருபது நிமிடம் ஆனது. கடைசிப் படிக்கு வரும்போது அவன் தோளைப் பிடித்திருந்த அவள் கை நழுவிவிட்டது. அதே நாற்காலியில், அதே படி வழியாக, அவளைத் திரும்ப மேலே தூக்கிப்போனார்கள்.

இப்போது ஸ்டான்லி கீழே பட்டனை அழுத்தினான். கூண்டு ஒரு குலுக்கு குலுங்கியது. தமிழ்வாணன் கம்பியை அண்ணாந்து பார்த்தான். அது கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அறுந்துவிடுமோ என்று பயந்தான். உடனே அதைவிடப் பெரிய பயம் வந்தது: அறுபடாமல் போய்ச் சேர்ந்துவிட்டால்? அறுந்தால் நேற்று அவன் சொன்னது சரி. அறுந்து தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டான்.

கூண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. ஒரு பூகூட உதிரவில்லை.

“வந்துட்ச்சிண்ணா,” என்றான் ஸ்டான்லி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

மேலேயிருந்து அப்பா குனிந்து கேட்டார். “இன்னாடா, அதுக்குள்ளயா?”

நான்கு பேர் பலகையை வெளியே எடுத்தார்கள். தமிழ்வாணனும் இறங்கினான். அப்பாவுக்கு மூட்டுவலி, சுழல்படி ஆகாது. அவர் மேலே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். காலிக் கூண்டு கிர்ரென்று அவரை ஏற்றிவர மேலே போனது.