ஒரு நாளைக்கு ஒன்று

கணினிக்குப் பேய் பிடிக்காது என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறவள் அவள். ஆஸ்பத்திரியின் எந்த மாடியில் எந்தத் திரை முரண்டு பிடித்தாலும், "நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க, இல்லாட்டி நான் ஏதோ பண்ணியிருக்கேன். மூணாவது ஆள் கிடையாது" என்பாள். எல்லாரும் அவளைச் சர்வர் அக்கா என்றார்கள், அவளைவிட மூத்த நர்சுகள் உட்பட. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் ஆஸ்பத்திரியின் பெரிய சர்வர் இருந்தது. அதை ஒட்டிய அறையில் அவள் இருந்தாள்.

அந்த வாரம் மட்டும் அந்த வசனத்தைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

முதலில் காணாமல் போனது ஒரு சின்ன மென்பொருள் பேக்கேஜ். மருந்துச் சீட்டை அச்சடிக்க உதவுவது. மருந்தகத்திலிருந்து போன் வந்து பார்த்தால், சர்வரில் அது இருந்த இடம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஏதோ ஒரு அப்டேட் தின்றுவிட்டது என்று மறுபடி ஏற்றினாள். மறுநாள் எழுத்துரு போயிற்று. சீட்டில் நோயாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. அதற்கு மறுநாள், பரிசோதனைக்கூடத்தின் முடிவுகளை வார்டுக்குக் கொண்டுபோகிற ஒன்று. ஒவ்வொன்றையும் ஏற்ற ஏற்ற, வேறொன்று போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, ஹேக்கர் வேலையா இருக்குமோ?" என்றான் மீசை. அவளுக்குத் துணையாக வேலை பார்க்கிறவன். மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

"ஹேக்கர் வந்தா டேட்டாவத் தூக்குவான், இல்லாட்டி எல்லாத்தையும் பூட்டிட்டுப் பணம் கேப்பான். எழுத்துருவத் திருடி எவன்டா பொழைக்க முடியும்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் பதிவுக் கோப்பைப் பார்த்திருந்தாள். சர்வரில் எது வந்தாலும் போனாலும் நாள், நேரம், சொன்னவர் யார் என்று அதில் எழுதப்பட்டுவிடும். ஒவ்வொரு நீக்கமும் சரியாகக் காலை பத்து நாற்பதுக்கு நடந்திருந்தது. நீக்கச் சொன்னவர் என்ற இடத்தில், ஒவ்வொரு நாளும், அவளுடைய பெயர் இருந்தது.

பத்து நாற்பதுக்கு அவள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். அந்த "ஞாபகம்" என்ற சொல்லில்தான் அவள் தடுக்கி நின்றாள்.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. அவளுக்கு இப்போது ஐம்பது. அம்மா முதலில் சாவியை மாவு டப்பாவில் போட்டாள். பிறகு கண்ணாடியை, பிறகு அப்பாவின் பென்ஷன் காகிதங்களை. எடுத்துக் கொடுத்தால், "நான் வைக்கவே இல்ல. யாரோ வீட்டுக்குள்ள வந்து போறாங்க" என்று சத்தியம் செய்வாள். பெற்ற பிள்ளைகளுக்கே நம்பத் தோன்றும், அத்தனை உறுதி அந்தக் குரலில். பாவம், அப்பா இரண்டு தடவை பூட்டை மாற்றினார். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் மாற்றவில்லை. சமையலறையில் போய் நின்று அழுதார்.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத, விரலில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே பேசுகிற மனிதர்.

"வெளியிலேருந்து யாரும் நுழையலன்னு நீங்களே சொல்றீங்க. உள்ள நுழைய உங்க ரெண்டு பேராலதான் முடியும். போன வருஷம் ஆபரேஷனுக்குப் போனப்ப உங்க பாஸ்வேர்ட அவர்கிட்டக் குடுத்தீங்க, இல்லையா?"

"குடுத்தேன். ஆனா அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்."

"அப்ப நீங்களா?"

அவள் அவர் விரலில் சுழலும் பேனாவையே பார்த்தாள்.

"நாளைக்கும் நடந்தா அவரை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் அவர். பேனா நிற்கவில்லை.

மீசைக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்திக்குச் செருப்பு அறுந்தால் இரண்டு ஜோடி வாங்க வேண்டிய வீடு. மேலாளர் சொன்னது தெரிந்தும் அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்று மாலை எல்லாரும் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள். எங்கும் எழுதி வைக்கவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில், அப்பா பூட்டு வாங்கி வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பத்தரைக்கு அவள் டீக்குப் போகவில்லை. மீசையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என் கைய மட்டும் பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"பாருன்னா பாருடா."

இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். திரையில் பதிவுக் கோப்பு திறந்திருந்தது. கடைசி வரிக்குக் கீழே வெறும் கருப்பு. பக்கத்து அறையில் சர்வரின் விசிறிகள் ஓயாமல் இரைந்தன. பத்து முப்பத்தெட்டு. பத்து முப்பத்தொன்பது. மீசை எச்சில் விழுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு அவள் கையை இறுக்கினாள்.

பத்து நாற்பதுக்குத் திரையில் வரிகள் ஏறின. நீக்கம் ஒன்று. சொன்னவர், அவள்.

"அக்கா!" மீசை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "நீங்க தொடவே இல்லயே! நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்!"

அவளுக்கு முதுகில் வியர்த்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு துளி ஆறுதலும் இருந்தது. கை செய்யவில்லை. அப்படியானால் தன்னை அறியாமல் இங்கே வந்து உட்கார்ந்து எதையும் அழிக்கவில்லை. அதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. மேலாளர். மீசையை மேலே வரச் சொன்னார்.

"நீ போ. நான் கண்டுபிடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

பாஸ்வேர்டு வாசலில் வருகிறவனைத்தான் தடுக்கும். உள்ளேயே குடியிருப்பதை என்ன செய்யும்? குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளுக்குச் சர்வரில் பட்டியல்கள் உண்டு. பொதுப் பட்டியலை அவள் முதல் நாளே அலசியிருந்தாள். ஆளாளுக்குச் சொந்தப் பட்டியல் ஒன்றும் உண்டு. தன்னுடையதை அவள் திறந்து பார்க்கவே இல்லை. ஏனென்றால் அதில் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி வேலையைச் சொந்தப் பெயரில் போட்டு வைக்கக் கூடாது, நாளைக்கு நாம் போய்ச் சேர்ந்தால் அடுத்தவனுக்குத் தெரியாது என்று மீசையைப் பத்துத் தடவை திட்டியவளே அவள்தான்.

இப்போது திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது. தினமும் பத்து நாற்பதுக்கு ஒரு சிறு நிரலை ஓட்டு.

அந்த நிரலையும் திறந்தாள். பத்து வரி. யாரும் கேட்காமல், வேறொரு மென்பொருளுக்குத் துணையாக வந்து சேர்ந்த பேக்கேஜ்கள் உண்டு. துணை தேடிய மென்பொருள் போய்விட்டால் அவை ஆதரவற்றவையாகி வீணே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் களைவதற்கான நிரல் அது. யாராவது கைகாரன் எழுதினால் ஒரே அடியில் எல்லாவற்றையும் களைவான். இது அப்படியில்லை. கேன்டீன் நேரத்தில், கவுன்டர்கள் ஓய்ந்திருக்கும்போது, நாளைக்கு ஒன்று. ஏதாவது உடைந்தால் எதனால் என்று தெரிய வேண்டுமே. அத்தனை பதவிசு. நிரலின் தலையில் ஒரு குறிப்பு இருந்தது: "ஒரு நாளைக்கு ஒன்று. அகலக்கால் வைக்காதே."

அகலக்கால் வைக்காதே என்பது அம்மாவின் வாய்ச்சொல். பத்தொன்பது வருஷமாக அவள் எழுதிய ஒவ்வொரு நிரலின் தலையிலும் அதைப் போட்டிருக்கிறாள். வேறு எந்தத் திருடனுக்கும் அது தெரியாது. எழுதிய தேதி, பன்னிரண்டு நாளுக்கு முன்னால், மதியம் மூன்று பதினேழு.

மீதி எல்லாம் தானாக விளங்கிற்று. மூன்று வாரத்துக்கு முன் மருந்து மென்பொருளின் கம்பெனி ஆட்கள் வந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதை முறைப்படி ஏற்றாமல் வெறுமனே நகலெடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சோம்பேறிப் பிள்ளைகள். புதிய மென்பொருள் இருப்பதே சர்வரின் கணக்கில் இல்லை. அதனால் அதற்கு வேண்டிய துணைகள் எல்லாம் ஆதரவற்ற பட்டியலில் விழுந்தன. முதல் ஏழு நாள் போனவை உண்மையிலேயே குப்பை. எட்டாம் நாளிலிருந்து உயிருள்ளவை.

வரிசையில் நாளைக்கு எது என்று பார்த்தாள். ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுதினால் திரையில் சிவப்பாக எச்சரிக்கிற பேக்கேஜ். அது போனால் போன் வராது. எதுவும் உடையாது. சிவப்பு வராது, அவ்வளவுதான். சிவப்பு வராவிட்டால் டாக்டர்கள் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்கள். எத்தனை படுக்கை, எத்தனை ஊசி என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

அந்த வரியை நிறுத்தினாள். இன்றைக்குப் போனதை ஏற்றி, மற்ற எல்லாவற்றையும் 'நான் கேட்டு வாங்கியது, தொடாதே' என்று குறித்தாள். பிறகு உட்கார்ந்து அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தாள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று காலையில் எச்சரிக்கை வந்தது ஞாபகம் இருந்தது. மதியம் பிரெட் தின்றது ஞாபகம் இருந்தது. மாலையில் பஸ்ஸில் இடம் கிடைத்தது ஞாபகம் இருந்தது. நடுவில் மூன்று பதினேழு இருந்த இடம் துடைத்து விட்டதுபோல் இருந்தது.

அந்த வரியையும் நிரலையும் அழித்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து எதுவும் போகாது. பழி மட்டும் மீசை தலையில் இருக்கும். இந்த எண்ணம் தனக்கு வந்ததே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழிப்பதற்கான விசைமேல் விரலும் இருந்தது. பிறகு எழுந்து மேலே போனாள். மூன்று மாடிக்கும் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

"நான்தான் சார்" என்றாள் கதவைத் திறந்ததுமே. மீசை நின்றுகொண்டிருந்தான். உட்காரக்கூடச் சொல்லவில்லை அவனை. "நானே எழுதி வெச்ச வேலை. பன்னெண்டு நாளாச்சு. மறந்துட்டேன்."

மேலாளர் அவளைப் பார்த்தார். பேனா நின்றது. பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இவ்வளவுதானா! நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். மறக்காத மனுஷன் யாரு? நேத்து நானே வண்டிச் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிட்டு வீடெல்லாம் தேடினேன்."

"சாவி..." என்றாள் அவள்.

படியிறங்கும்போது மீசை, "மறதி எல்லாருக்கும் வரும்கா" என்றான். அவன் குரலில் பாரம் இறங்கிய சந்தோஷம். "நீங்க வந்து சொன்னதே பெருசு."

எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் தாங்களும் மறப்பதாகச் சொன்னார்கள். அம்மாவிடமும் முதலில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் நேராக ஸ்டோருக்குப் போனாள். இனிமேல் செய்வதை எல்லாம் அன்றன்றைக்கு எழுதி வைத்துவிட வேண்டும். வேறு வழியில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாள்.

ஸ்டோர்காரர் ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார். "என்னம்மா, கதை எழுதறீங்களா? இது மூணாவது நோட்டு."

"மூணாவதா?"

"போன மாசம் ஒண்ணு. அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு. இதோ, உங்க கையெழுத்துதானே?"

அவளுடைய கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வால் கீழே நீளும், அதுகூட அப்படியே.

அறைக்கு வந்து இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஒரு நோட்டு பழைய கேபிள்களுக்கு அடியில் கிடந்தது. இன்னொன்று அலமாரியில் வாரன்டி அட்டைகளுக்கு நடுவில். இரண்டிலும் முதல் பக்கத்தில் ஒரே வரி: "இன்று முதல் செய்வதையெல்லாம் இதில் எழுத வேண்டும்." அதன் கீழே தேதி. மீதிப் பக்கங்கள் வெள்ளை.

பிறகு புதிய நோட்டைத் திறந்து, "இது மூன்றாவது நோட்டு" என்று எழுதினாள். இரண்டாவது வரியில், "டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு" என்று எழுதினாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு மீசையின் மேஜைக்குப் போனாள்.

"இத உன் இழுப்பறையில வெச்சிக்கோ. தினமும் காலையில நான் வந்ததும் எங்கிட்டக் குடு."

மீசை முதல் நோட்டைப் பிரித்தான், இரண்டாவதைப் பிரித்தான், மூன்றாவதைப் பிரித்தான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. "அக்கா..." என்றான்.

"நான் மறந்தாலும் குடு. இது எதுக்குடான்னு நான் உன்னத் திட்டினாலும் குடு."