ஹெட்டி பிளம் பெறாத பிள்ளைகள்

ஹெட்டி பிளம் தன் முப்பத்தோராம் வயதில் ஐம்பத்து நான்கு வயது ஆண் ஒருவருக்குத் தாயானாள். ஹாலிவுட்டில் அந்த வாரம் ஆரஞ்சு விலை இறங்கியிருந்தது. சிறைக்குப் போகும் மகனாக ரூபர்ட் கெயின்ஸ் நடித்த படத்தில், தலையில் மாவு தூவிய நரையோடு அவள் அம்மாவாக நின்று அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "கட், பிரிண்ட்" என்றார் இயக்குநர்; காட்சி தேறியது, இதையே படத்தில் வைக்கலாம் என்று அர்த்தம். அன்று மாலை ரூபர்ட் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, பசிக்குதும்மா. சூப் இருக்கா?" என்றார். ஹெட்டி சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரர்கள் அவரைப் பாசடீனாவுக்கு அழைத்துப் போனபோது, பெற்றவளோ கதவைப் பாதி திறந்து, "யாருப்பா நீ? பிரஷ் விக்கிற ஆளா? எனக்கு எதுவும் வேணாம்" என்று சாத்திக்கொண்டாள்.

ஸ்டூடியோ வக்கீல்கள் வந்து பார்த்து, ஒப்பந்தத்தில் இதற்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த சில வருடங்களில் அவள் ஒரு பாதிரியாருக்கும், ஒரு கொள்ளைக்காரனுக்கும், இரட்டையரான இரண்டு மாலுமிகளுக்கும் அம்மாவாக நடித்தாள். "பிரிண்ட்" என்ற சொல் விழுந்த நாளிலிருந்து நடித்த நால்வரும் சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பெற்ற தாய்மார்கள் அவர்களைத் தெருவில் கண்டாலும் கடந்து போனார்கள். ஹெட்டி வயிற்றில் சுமந்தது டோரா ஒருத்தியை மட்டும்தான்.

டோராவுக்கு எட்டு வயதானபோது ஸ்டூடியோ அவளைக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையாக நடிக்கக் கேட்டது. அம்மா வேடத்தை ஹெட்டி தனக்குக் கேட்டாள். "உன் மூஞ்சிய வெச்சுக்கிட்டு எட்டு வயசுப் புள்ளைக்கு அம்மாவா? ஜனங்க சிரிப்பாங்க ஹெட்டி" என்றார் இயக்குநர் ஹேகன். வேடம் நட்சத்திரம் லொரேன் வேலுக்குப் போனது. ஹெட்டி இரவெல்லாம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். லொரேனுக்கு நடிப்பு வராது என்பது ஊரறிந்தது. அழகுப் பொம்மையிடம் ஒரு பிள்ளையும் ஏமாறாது என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

லொரேன் காலையிலிருந்து சொதப்பினாள். குழந்தையின் நெற்றியில், கடிதத்தில் தபால்தலை ஒட்டுகிறவளைப் போலக் கையை வைத்தாள். விளக்குக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹெட்டிக்கு அந்தக் கேவலமான நடிப்பைப் பார்க்கப் பார்க்க உடம்பே அரித்தது. கடைசியில் பொறுக்காமல் எழுந்து போனாள்.

"கைய எடு தாயே. உன் மோதிரம் சில்லுன்னு குத்தும். காய்ச்சலை உதட்டாலதான் பாக்கணும். சுட்டாலும் மூஞ்சில காட்டாத. நீ பயந்தா புள்ள பயந்துரும். சிரி."

"இவ்வளவுதானா ஹெட்டி? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று லொரேன் சிணுங்கினாள்.

கேமரா ஓடியது. லொரேன் குனிந்து நெற்றியில் உதட்டை வைத்தாள். சுட்டதை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். கொட்டாவி விட்ட விளக்குக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஹேகன் "கட்" என்றார். தான் செய்தது என்னவென்று ஹெட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியைத் தள்ளி, வயர்கள் தடுக்க, "வேண்டாம்! சொல்லாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

"பிரிண்ட்."

அவள் பாதி வழியில் நின்றாள். எதற்காக ஓடி வந்தோம் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். கட்டிலில் ஒரு சிறுமி லொரேனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அருமையா நடிக்குதே இந்தப் பொண்ணு. யாரு பெத்தது?" என்று ஹெட்டி விளக்குக்காரனைக் கேட்டாள். அவன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

படம் நன்றாக ஓடியது. டோரா மலைமேலிருந்த லொரேனின் வீட்டில் வளர்ந்து, உயரமாகி, தானும் நட்சத்திரமானாள். அவளுக்குச் சமையல்காரியாக ஹெட்டி இரண்டு படங்களில் நடித்தாள். இடைவேளைகளில் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஹெட்டி அவளை எப்போதும் மரியாதையாக, மிஸ் வேல் என்றே அழைத்தாள்.