பாக் பாரா சாலையில் பெய்த மழை

என் தங்கை சுவீ லானும் அவள் புருஷன் தியாங் ஹொக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூடச் சேர்ந்து வெளியூர் போனதில்லை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எனக்கு இறால் மீ என்கிற நூடுல்ஸ் கடை. லான் விடியற்காலையிலேயே வந்து இறால் உரித்துக் கொடுப்பாள். தியாங் ஹொக் வீடு வீடாக ஏர்கான் மாட்டுகிறவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வெள்ளிவிழா வருஷம் என்று சொல்லி ஒருநாள் அவனே கடைக்கு வந்து பன்னிரண்டு நாள் பயணத் திட்டத்தை மேசைமேல் விரித்தான். விமானத்தில் பேங்காக், அங்கிருந்து கடற்கரை கடற்கரையாகத் தெற்கே இறங்கி ஹாட் யாய், கடைசியில் ரயிலில் எல்லை தாண்டி வீடு.

அது பேய் மாதம், செத்தவர்களின் ஆவி வெளியே உலவும் என்று நாங்கள் நம்புகிற மாதம். எங்கள் சீன ஆட்கள் அந்த மாதத்தில் கடல் பக்கம் போகத் தயங்குவார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் மாதத்தின்மேல் பழி போட்ட சொந்தக்காரர்கள் உண்டு. நான் போடவில்லை. மாதம் வண்டி ஓட்டவில்லை.

முதல் ஒன்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. பேங்காக்கில் அவளுக்குக் கால் கொப்பளித்தபோது நடைபாதைக் கடையில் மண்டியிட்டு, அவள் பாதத்துக்குச் செருப்பு அளவு பார்த்து வாங்கித் தந்தானாம். ஹுவா ஹின் மணலில் வாடகைக் குதிரைமேல் ஏறப்போய் மறுபக்கம் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தானாம். கிராபியில் இரண்டு நாள் விடாத மழை. அறைக்குள்ளேயே உட்கார்ந்து சீட்டாடினார்கள். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வரும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

"வீட்டுக்கு வந்ததும் வாய மூடிக்குவான் பாரு" என்றேன்.

"விடு, இருக்கிற வரைக்கும் கேட்டுக்கிறேன்" என்று சிரித்தாள்.

பத்தாம் நாள் பாக் பாரா என்ற கடலோர ஊருக்கு வந்தார்கள். அறை பிடித்த இடத்துக்கு அடுத்த கடையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தான். கடலோரம் வடக்கே கொஞ்ச தூரம் போய் நண்டு சாப்பிட்டார்கள். அவன் பெரிய பாட்டிலாக இரண்டு பீர் குடித்தான்.

"போதும், நீதான் ஓட்டணும்" என்றாள் லான்.

"கம்ப்ரஸரைத் தோள்ல வச்சிக்கிட்டு ஏணி ஏறுறவன் நான். ரெண்டு பாட்டில் என்னை என்ன பண்ணிடும்?"

திரும்பும்போது மூன்று மணி இருக்கும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் சாலை. மழை திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. எதிரே இருபது அடிக்குமேல் தெரியவில்லை. ஒதுங்க இடமில்லாததால் அவன் வேகத்தைக் கூட்டினான். லான் அவன் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஒரு கணம் தலையைத் தூக்கியபோது, சாலையின் இடது ஓரமாக ஒரு பெண் நீலப் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் பிடித்தபடி நடந்து போவதைப் பார்த்தாள். அடுத்த கணம் வண்டி எதிலோ மோதியது. வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து பறந்தது. வண்டி நெளிந்து, ஆடி, நிமிர்ந்தது.

லான் திரும்பிப் பார்த்தாள். நீலத் தாள் சாலையில் புரண்டுகொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு கால் தெரிந்தது. வெறுங்கால்.

"நிறுத்து. ஆ ஹொக், நிறுத்து."

"பிளாஸ்டிக் தாள். காத்துல பறந்து வந்துச்சு."

"ஆளு விழுந்து கிடக்கு. நிறுத்து."

அவன் நிறுத்தவில்லை.

இதை என்னிடம் சொன்னபோது லான் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவை சொன்னேன், அக்கா. மூணாவது தடவை சொல்லல. அவன் முதுகுல அடிச்சிருக்கலாம், கத்தியிருக்கலாம். அவன் இடுப்பைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கீழ விழுந்துடக் கூடாதேன்னு எனக்கு பயம்."

கண்ணாடி உடைந்ததற்கு, மணலில் சறுக்கி விழுந்தோம் என்று வண்டியை வாடகைக்குக் கொடுத்தவளிடம் சொன்னான். அவள் லானின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, அடிபட்டதா என்று சைகையில் கேட்டாள். லான் இல்லையென்று தலையாட்டினாள். அதுவே தான் சொன்ன முதல் பொய் என்பாள்.

மறுநாள் காலை வேன் பிடித்து ஹாட் யாய் போனார்கள். நல்ல ஹோட்டல், பதினோராவது மாடி. ஹொக் சந்தையில் எல்லாருக்கும் சாமான் வாங்கினான். எனக்கு முந்திரி, அவன் முதலாளிக்குக் காய்ந்த கணவாய், வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான். பேச்சு நின்றால் அவள் பேசிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு. கடைசியில் சாப்பாட்டுக் கடையில் அவள் பேசினாள்.

"தாளுக்கு எலும்பு இருக்குமா, ஆ ஹொக்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். ஹாட் யாயில் பாதிப் பேருக்கு எங்கள் ஹொக்கியன் பாஷை புரியும். "மெதுவாப் பேசு."

"அந்த அம்மா செத்திருப்பாளா?"

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அது அவங்க ஊரு. நம்ம கிட்ட லைசென்ஸ் இல்ல, நான் குடிச்சிருந்தேன். இந்த ஊர் ஜெயில் எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். இதையும் அவளேதான் சொன்னாள். வாத்துக் கறியும் சோறும். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை என்றாள்.

அடுத்த நாள் காலை ரயில் நிலையத்தில் எல்லைக்குப் போகும் பாடாங் பெசார் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவன் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கை நீட்டினான். அவள் கீழேயே நின்றாள்.

"நான் வரல."

"ஏறு ஆ லான். எல்லாரும் பாக்குறாங்க."

"நீயும் இறங்கு. ரெண்டு பேரும் போயிப் பாத்துட்டு வந்துடலாம். உயிரோட இருந்தா மன்னிப்புக் கேக்கலாம்."

"இல்லைன்னா?"

அவன் இறங்கவில்லை. வண்டி கிளம்பும்போது அவள் கைப்பையை ஜன்னல் வழியாக எறிந்தான். கோபத்தில் எறியவில்லை, பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது, அதனால்தான் எறிந்தான் என்று இன்றைக்கும் அவனுக்காகப் பரிந்து பேசுவாள்.

அன்று மத்தியானம் அவன் இரண்டு பெட்டியும் மாம்பழக் கூடையுமாக என் கடை வாசலில் வந்து நின்றான். விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னான். நான் உடனே லானுக்குப் போன் போட்டேன். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "பைத்தியக்காரி, அடுத்த வண்டியிலேயே வந்துடு. யாருக்கும் தெரியாது. வந்து ரெண்டு ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டுக்கலாம்" என்றேன்.

"அக்கா, நான் அந்த ரோட்டுலதான் இருக்கேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில் கண்ணாடிச் சில்லு இன்னும் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒரு வீடு. வாசலில் துணிப்பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், முக்காடிட்ட பெண்கள், பெரிய அண்டாவில் கறி. அவள் போனது மூன்றாம் நாள் சடங்கன்று. யாரோ தெரிந்த சீனப் பெண் துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளை உட்காரவைத்து, கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்து வயசானவர்களுக்கு மலாய் வரும். செத்துப்போனவள் பெயர் ரொக்கியா, ஐம்பத்தேழு வயசு என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். தோட்டத்தில் சமையலுக்குப் பெத்தாய் அவரைக்காய் பறித்துக்கொண்டு வந்தவளை எந்த வண்டியோ அடித்துவிட்டுப் போய்விட்டது. மழை விட்டு, சாயங்காலத் தொழுகைக்குப் போனவர்கள்தான் வாய்க்காலில் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போயிற்று. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

லான் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ரொக்கியாவின் புருஷன் யார் என்று கேட்டாள். கதவோரம் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதரைக் காட்டினார்கள். அவர் பெயர் ஹம்சா. அவர் முன்னால் போய் உட்கார்ந்து, பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி "பாக்" என்று கூப்பிட்டு மலாயில் சொன்னாள்.

"பாக், அந்த வண்டி எங்களோடது. என் புருஷன் ஓட்டினாரு. நான் பின்னால உக்காந்திருந்தேன்."

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னாள். அதற்குள் பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கேட்டார். "அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"தெரியாது, பாக். நாங்க நிக்கல."

"கூப்பிட்டிருப்பா. அவளுக்குப் பெரிய தொண்டை."

"மழைச் சத்தம். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் கேக்கல" என்றார் அவர். "நான் இங்கதான் படுத்திருந்தேன். மழை விடட்டும், அப்புறம் போயிப் பாக்கலாம்னு இருந்தேன்."

உள்ளேயிருந்து அவர் மகள் சுனிசா வந்தாள். முப்பது வயசுக்காரி, மலாய் தெரியாது. யாரோ அவளிடம் தாய்லாந்து மொழியில் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் அழவில்லை, அடிக்கவும் இல்லை. நேரே வந்து லானுக்குக் கொடுத்திருந்த தட்டை எடுத்து, சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினாள். பிறகு ஏதோ கேட்டாள். பக்கத்திலிருந்த பெண் மலாயில் சொன்னாள்.

"ரெண்டு நாளா எங்கே இருந்தீங்கன்னு கேக்குறா."

"ஹாட் யாயில."

"அங்க என்ன பண்ணினீங்கன்னு கேக்குறா."

லான் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லலாம். ஹோட்டல் அறையில் அழுதுகொண்டிருந்தோம் என்று சொல்லலாம்.

"சந்தைக்குப் போனோம்" என்றாள். "மாம்பழம் வாங்கினோம்."

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். சுனிசா அதட்டியதும் சொன்னாள். சுனிசா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் காரிலேயே லானைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஓட்டியவர் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். குடித்திருந்தாரா என்றார்கள். அதையும் சொன்னாள். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவரின் மனைவி தன் வீட்டுப் பின்கட்டில் பாய் போட்டுக் கொடுத்தாள். பேசமாட்டாள், ஆனால் மூன்று வேளையும் சோறு வைப்பாள். அப்படிப் பத்தொன்பது நாள்.

லான் போனில் எல்லாம் சொன்ன பிறகு, போய்ச் சரணடையச் சொல்லி நான் இங்கே தியாங் ஹொக்கிடம் கெஞ்சினேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"உன் தங்கச்சி என்னைக் காட்டிக் குடுத்துட்டா" என்றான். "இருபத்தஞ்சு வருஷம் சோறு போட்டவனை, பேர் தெரியாத ஒருத்திக்காக."

"பேரு தெரியும். ரொக்கியா" என்றேன்.

"எனக்குச் சொல்லாதே" என்று காதைப் பொத்திக்கொண்டான். உண்மையிலேயே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான், ஐம்பத்துநாலு வயசு ஆம்பிளை. எனக்கு அவன்மேல் அருவருப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவன் நிற்காமல் போனது பயத்தில்தான். அந்த இடத்தில் நான் இருந்தால் நின்றிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் நான் சொன்ன யோசனையை நினைத்தால், தெரிந்த மாதிரியும் இருக்கிறது.

விசாரணை முடிந்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு லான் திரும்பி வந்தபோது எட்டு கிலோ இளைத்திருந்தாள். பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்கு அவளைக் கூட்டிவர நான்தான் போனேன். அவள் அவன் வீட்டுக்குப் போகவில்லை, அவனும் கூப்பிடவில்லை. என் கடை மாடி அறையில் இருந்துகொண்டாள். அந்த நாட்டில் அவன்மேல் வழக்கு இருக்கிறது, பிடிவாரண்டும் இருக்கிறது. அவன் எல்லை தாண்டுவதில்லை, அவ்வளவுதான். ஏர்கான் வேலை நன்றாக நடக்கிறதாகக் கேள்வி.

அடுத்த வருஷம் அதே மாதத்தில் லான் தனியாக அங்கே போனாள். ஹம்சா படுத்த படுக்கையாகியிருந்தார். சுனிசா வாசலிலேயே நிறுத்தி, கைபேசியில் மலாய்க்கு மாற்றி ஒரு வரியைக் காட்டினாளாம். "இனி வராதே. உன்னைப் பார்த்தால், அம்மா எங்கே என்று அப்பா கேட்பார்."

லான் அதற்குப் பிறகு போகவில்லை. திரும்பி வந்த அன்று கேட்டேன்.

"அன்னைக்கு ரயில்லயே ஏறியிருக்கலாம்னு இப்ப தோணுதா?"

"சில நாள் தோணும்" என்றாள்.

"எந்த மாதிரி நாள்ல?"

அடுப்பில் இறால் ஓட்டுச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தீயைக் குறைத்தாள்.